கயாக்கின் காக்பிட்டுக்கான பாகங்களை வீட்டிலேயே பிளாஸ்டிக்கில் செய்ய முடியுமா?

கேட்டவர் தன் பிளாஸ்டிக் கயாக்கின் (துடுப்பால் செலுத்தும் ஒடுக்கமான சிறு படகு) காக்பிட்டில், அதாவது உட்காரும் குழியில், தொடையை மேலிருந்து அணைத்துப் பிடிக்கும் தொடைத்தாங்கி இல்லை, படகைச் சாய்க்கும்போது கால்களுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை என்கிறார். எந்தப் பிளாஸ்டிக்கில் செய்வது, எதைக் கொண்டு ஒட்டுவது என்பது கேள்வி.

செய்யலாம். நான் இரண்டு ஜோடி செய்திருக்கிறேன். ஆனால் ஒட்டும் எண்ணத்தை இப்போதே கைவிட்டுவிடுங்கள். என் முதல் ஜோடியை எபாக்ஸி பசையால்தான் ஒட்டினேன். ஓர் இரவு முழுக்கக் காயவிட்டு, காலையில் உட்கார்ந்து முழங்காலால் ஒரே ஓர் அழுத்து அழுத்தினேன். பசை ஒரு முழுத் தகடாகக் கழன்று வந்தது. அதன் அடிப்பக்கம் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தது, படகின் பிளாஸ்டிக்கில் ஒரு துணுக்குகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. இந்த வகைக் கயாக்குகள் பாலிஎத்திலீனால் ஆனவை. அதற்கும் பசைக்கும் உள்ள உறவு தாமரை இலைக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவுதான். மேற்பரப்பைத் தீ காட்டிப் பக்குவப்படுத்தினால் கொஞ்சம் பிடிக்கும் என்பது உண்மையே. உடல் எடையைத் தாங்கும் பாகத்துக்கு அந்தக் கொஞ்சம் போதாது. போல்ட்தான் வழி.

பொருளைப் பொறுத்தவரை, அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீனை, அதாவது எச்டிபிஇயை எடுங்கள். முக்கோணக் குறிக்குள் 2 என்ற எண் இருக்கும். காய் நறுக்கும் வெள்ளைப் பலகைகள் பலவும், பெரிய நீல டிரம்களும் இதுதான். தண்ணீரை உறிஞ்சாது, அடிபட்டால் சில்லுச் சில்லாக உடையாது, கை நழுவி விழுந்தாலும் மிதக்கும். டிரம் என்றால் அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். ரசாயனம் இருந்த டிரம்மைச் சூடாக்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

அக்ரிலிக் வேண்டாம், உடையும்போது கத்தியாகும். பிவிசி சுமார் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகும், வளைக்கச் சுகமானது. ஆனால் சூடு எல்லை மீறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் பலரும் பயன்படுத்தும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை சுமார் 60 டிகிரியில் இளகத் தொடங்கும். வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது நீங்கள் செய்த பாகம் வேறு எதுவாகவோ ஆகியிருக்கலாம்.

இனி வளைப்பது. முதலில் படகில் உட்கார்ந்து, தடித்த அட்டையை வெட்டி வெட்டித் தொடைக்கு மேல் பொருத்திப் பாருங்கள். என் அட்டை வடிவம் ஐந்தாவது முறைதான் சரியாக வந்தது. பிறகு அந்த வளைவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கிக்கொள்ளுங்கள், அதுதான் அச்சு. 6 மில்லிமீட்டர் தகட்டைத் தேவைக்கு மேல் பெரிதாகவே வெட்ட வேண்டும். சூடேறும்போது ஒரு பக்கமாகச் சுருங்கும், ஆறும்போது மறுபடி சுருங்கும். சரியான அளவுக்கு வெட்டி வைத்தால் கடைசியில் குறைந்து நிற்கும்.

ஓவனில் 150 முதல் 160 டிகிரி, அடியில் பேக்கிங் தாள், ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். நேரத்தைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள். சாயம் சேர்க்காத எச்டிபிஇ பால் வெள்ளையாக இருக்கும். சுமார் 130 டிகிரியைத் தாண்டி உருகத் தொடங்கியதும் ஓரங்களிலிருந்து உள்நோக்கி அது தெளிந்துகொண்டே போகும். நடுவில் ஒரு வெள்ளைத் தீவு மட்டும் மிஞ்சும். அந்தத் தீவும் கரைந்து மறையும் கணம்தான் பதம். தடித்த தோல் கையுறையோடு எடுத்து அச்சின் மேல் போர்த்தி, பழைய சைக்கிள் ட்யூப் பட்டைகளால் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். டிரம் துண்டில் இந்த நிறமாற்றம் தெரியாது. அது தன் எடையிலேயே தொய்வதைத்தான் அடையாளமாகக் கொள்ள வேண்டும்.

பிறகு தொடாதீர்கள். பொறுமையில்லாமல் பத்தே நிமிடத்தில் பட்டையை அவிழ்த்தேன். அப்போது அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் வளைவு பாதி விரிந்துகிடந்தது. உள்ளே சூடு இருக்கும்வரை அது தன் இஷ்டத்துக்கு நகரும். இப்போதெல்லாம் இரவு முழுக்கக் கட்டியபடியே விட்டுவிடுகிறேன்.

ஆறிய பின் ரம்பத்தால் இறுதி வடிவத்துக்கு அறுத்து, ஓரங்களைக் கூர்மையான கத்தியால் பென்சில் சீவுவதுபோலச் சீவி உருட்டுங்கள். மணல்தாள் இதில் பிசிறைத்தான் கிளப்பும்.

பொருத்துவதற்கு 6 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகு போல்ட், இரு பக்கமும் அகன்ற வாஷர், நைலான் வளையம் உள்ள நட். துளையைச் சற்று நீளவாக்கில் போடுங்கள், ஏனென்றால் இந்தப் பிளாஸ்டிக் வெயிலில் கணிசமாக நீளும். தொடர்ந்த அழுத்தத்தில் மெல்லப் பிதுங்கி விலகவும் செய்யும். ஆகவே முதல் சில வாரங்களில் இரண்டு மூன்று முறை நட்டை மறுபடி இறுக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலேயே மரை வெட்டி போல்ட்டைத் திருகுவது வீண் வேலை. மெத்தைக்கு மூடிய அறை நுரை, அதாவது குமிழிகள் தனித்தனியாக மூடியிருப்பதால் நீர் புகாத நுரைத் தகடு போதும். அதையும் ஒட்ட முடியாதே! ஓரமாகச் சிறு துளைகள் போட்டு நைலான் கயிற்றால் தைத்துவிட்டேன்.

கால் மிதிகளைச் செய்யலாமா என்றும் சிலர் கேட்பார்கள். நான் செய்யமாட்டேன். முன்பின் நகர்த்தும் தண்டவாளமும் பூட்டும் நுணுக்கமான வேலை. அது உடைந்து பாதம் முன்னால் வழுக்கிச் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

தொடைத்தாங்கியிலும் அதே கவலை உண்டு. அது காலைப் பிடிக்க வேண்டும், பூட்டக் கூடாது. தரையிலேயே படகில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பலமுறை வெளியேறிப் பழகுங்கள். அடுத்து இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஒருவரை நிறுத்தி வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கவிழுங்கள். நான் அப்படிக் கவிழ்ந்தபோது இடது கால் உடனே வந்தது. வலது முழங்கால் தாங்கியின் முன் மூலையில் மாட்டி, இழுத்த பிறகுதான் வந்தது. ஒரு நொடிதான் இருக்கும், தலைகீழாக அது நீண்ட நொடி. கரையேறியதும் ஈரக் கையோடு ரம்பத்தை எடுத்து அந்த மூலையை அறுத்துவிட்டேன். இன்றும் என் வலது பக்கத் தாங்கி இடதைவிட இரண்டு சென்டிமீட்டர் குட்டை.