ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி வேலையை விடலாமா?

தம்பி, சென்னையில் 35,000 சம்பளத்தை விட்டுவிட்டு, கும்பகோணத்தில் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டே டிசைன் வேலை எடுத்துச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் என்பது எனக்கு உறுத்துகிறது.

மன்னார்குடியில் ஏழு வருடமாக இப்படித்தான் பிழைக்கிறேன். வேலை பிடிப்பதைவிட காசை வாங்குவதுதான் பெரும்பாடு. முதல் வருடம் ஒருவர் நான்கு மாதம் இழுத்தடித்தார். அன்றிலிருந்து பாதிப் பணம் கைக்கு வராமல் எந்த வேலையையும் தொடுவதில்லை. ஜூன் 12ல் மேட்டூர் அணை திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நாளாகும்; காசும் அப்படித்தான். விவசாயம் பார்க்கும் உங்கள் அப்பாவைக் கேளுங்கள், அந்தக் காத்திருப்பைச் சொல்வார். அதைத் தாங்க ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா? பிஎஃபில் கம்பெனி போடும் 12 சதவீதப் பங்கும் நின்றுவிடும்.

இன்னொன்று, வீட்டோடு இருந்தால் “சும்மாதானே இருக்கான்” என்று ரேஷன் கடைக்கும் கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள். முடியாது என்று சொல்ல வருமா உங்களுக்கு? இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

இப்போது விடாதீர்கள். தை அறுப்பு முடியும்வரை ஞாயிறுகளில் செய்து பாருங்கள். மூன்று வாடிக்கையாளர்கள் சேர்ந்து, அதில் இருவராவது மறுபடி தேடி வந்தால் ராஜினாமா கொடுங்கள். ஞாயிறு வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று உங்கள் பணி ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள்.