ஆபீஸ் டாய்லெட்டை நினைத்தாலே பதற்றம்: இது மனநோயா?

கேள்வி: எனக்கு வயது 31. எங்கள் அலுவலகத்தில் 18 பேருக்கு ஒரே கழிப்பறை. கதவைத் திறந்தால் எதிரே மீட்டிங் அறை. தாழ்ப்பாள் சரியாக விழாது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். உள்ளே கேட்கும் சத்தமெல்லாம் வெளியே கேட்குமே என்று கூச்சம். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்கிறேன். இப்போது விடுமுறை நாளில் எங்காவது கிளம்பினாலும், அங்கே டாய்லெட் இருக்குமா என்பதுதான் முதல் கவலை. கிளம்பும் முன் மூன்று முறையாவது போய்விட்டு வருகிறேன். எனக்கு ஏதாவது மனநோயா? மேலாளர் ஓர் ஆண். அவரிடம் இதை எப்படிப் பேசுவது?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் பிரச்சினை அந்தத் தாழ்ப்பாளில் தொடங்கியிருக்கிறது. அங்கிருந்து உடம்புக்குப் போய், இப்போது மனதில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. இதற்கு நோய் என்று இப்போதே பெயர் வைக்க வேண்டாம். ஆனால் அப்படியே விடவும் வேண்டாம்.

ஆலோசனைக்கு வருபவர்கள் இந்த விஷயத்தைப் பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் சொல்வார்கள், அதுவும் பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகு. தூக்கம், வேலை அழுத்தம், எரிச்சல் என்று ஒரு மணி நேரம் பேசியிருப்போம். அப்புறம்தான் "இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள்..." என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் முதல் வரியிலேயே சொல்லிவிட்டீர்கள், நல்லது.

உடம்பில் நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். பெரியவர்களின் சிறுநீர்ப்பை சுமார் 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். 150, 200 மில்லி சேரும்போதே "போகலாமே" என்று ஒரு மெல்லிய தகவல் வரும். சிறுநீர் கழிக்கப் பையின் தசை சுருங்க வேண்டும், வாசலில் உள்ள சுருக்குத்தசை தளர வேண்டும். உடம்பு நிம்மதியாக இருந்தால்தான் இவை இரண்டும் சேர்ந்து நடக்கும். யாரோ கதவைத் தள்ளிவிடுவார்களோ என்று காது வெளியே இருந்தால், ஆபத்துக்குத் தயாராகும் நரம்பு மண்டலம் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அது பையைத் தளர்த்தி வாசலை இறுக்கும். முட்டிக்கொண்டு வந்தும் உட்கார்ந்தால் வராமல் போவது இதனால்தான்.

இது கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 1976-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்கள் கழிப்பறையில் பக்கத்திலேயே இன்னொருவர் வந்து நின்றபோது சிறுநீர் வரத் தொடங்கவே தாமதமானதைப் பதிவு செய்தார்கள். தனியாக நின்றவர்களுக்கு ஏறக்குறைய 5 வினாடி ஆனது. பக்கத்தில் ஆள் நின்றால் 8 வினாடிக்கு மேல். (ரகசியமாக அளந்த ஆய்வு. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது.) இந்தத் தடை முற்றி, அடுத்தவர் அருகில் இருந்தாலே போக முடியாத நிலை வந்தால் அதற்கு 'பாருரெசிஸ்' என்று பெயர். மனநல மருத்துவர்கள் அதைச் சமூகப் பதற்றத்தின் ஒரு வகையாகப் பார்க்கிறார்கள். உங்கள் கடிதத்தில் அந்த அளவு தெரியவில்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது நீங்கள் கண்டுபிடித்த சமாளிப்புகள்தான். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகும், மலச்சிக்கல் வரும், மாலையில் தலை வலிக்கும், கவனம் சிதறும். அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்றுக்கும் வாய்ப்பு கூடும். கிளம்பும் முன் மூன்று முறை போவது இன்னும் வம்பு. பை நிறையாமலே காலி செய்து பழக்கினால், கொஞ்சம் சேர்ந்ததுமே அது கூப்பிட ஆரம்பிக்கும். அடிக்கடி வருகிறதே என்று பயம் கூடும். பயத்தில் நாலாவது முறையும் போவீர்கள். இதற்கு நடுவே மீட்டிங்கில் பேசுவது யாராக இருந்தாலும், உங்கள் மனதின் ஒரு மூலை மணியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மாலையில் வரும் களைப்பில் இதற்கும் பங்கு உண்டு.

சரி, எங்கே தொடங்குவது? கதவில். மூச்சுப் பயிற்சியெல்லாம் அப்புறம். பூட்டாத கதவுக்குப் பின்னால் நிதானமாக உட்காரப் பழகுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நியாயமான பயம். தாழ்ப்பாளைச் சரிசெய்வது தச்சருக்கு அரை மணி நேர வேலை. ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் வாடையோடு சத்தமும் அடிபட்டுப் போகும். ஆள் இருப்பதை வெளியே காட்டும் தாழ், மூடி உள்ள குப்பைக்கூடை, இவ்வளவுதான் பட்டியல். பளபளக்கும் டைல்ஸ் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மேலாளரிடம் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. கட்டடப் பராமரிப்பு விஷயமாகவே எழுதுங்கள்: "கழிப்பறைத் தாழ்ப்பாள் வேலை செய்யவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனும் தேவை. இந்த வாரத்துக்குள் சரிசெய்ய ஏற்பாடு செய்தால் எல்லோருக்கும் உதவியாக இருக்கும்." முடிந்தால் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 18 பேரில் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்று நான் நம்பவில்லை. இது சலுகை கேட்பதும் அல்ல. கடைகள், அலுவலகங்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 120-வது உடன்படிக்கை, போதுமான, தகுந்த கழிப்பறைகளை அமைத்து முறையாகப் பராமரிக்க வேண்டும் என்று 1964-லேயே சொல்லிவிட்டது.

அடுத்து உடம்பு. தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் நாள் முழுக்கப் பிரித்துக் குடியுங்கள். சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போங்கள். இருக்கையைத் தொடாமல் பாதி எழுந்த நிலையில் நிற்காதீர்கள். சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் அப்படித் தளராது. துடைத்துவிட்டு முழுதாக உட்காருங்கள், பாதம் தரையில் படட்டும், மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், முக்க வேண்டாம். கிளம்பும் முன் மூன்று முறை என்பதை ஒரு வாரம் இரண்டாக்குங்கள், பிறகு ஒன்றாக்குங்கள்.

பயத்தைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். முதலில் மற்றவர்கள் கிளம்பிய பிறகு அலுவலகக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். அப்புறம் கூட்டமில்லாத நேரத்தில். மீட்டிங் அறையில் ஆள் இருக்கும்போது கடைசியில். ஒவ்வொரு படியிலும் பதற்றம் ஏறித் தானாக இறங்கும்வரை இருங்கள். பாதியில் ஓடி வந்தால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும். இதற்காகப் பயணத்தையோ வேலை வாய்ப்பையோ தவிர்க்கத் தொடங்கினாலோ, இது மாதக்கணக்கில் நீடித்தாலோ உளவியல் நிபுணரைப் பாருங்கள். இதே முறையை அவர் கூட இருந்து நடத்துவார்.

சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், அடங்காத தாகத்தோடு அடிக்கடி சிறுநீர் என்றால் முதலில் பொது மருத்துவர். சிறுநீர் கொஞ்சம்கூடப் போகவே முடியவில்லை என்றால் அன்றே மருத்துவமனை.

தச்சர் வரும்வரை ஒரு ஏற்பாடு. கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், ரப்பர் டோர் ஸ்டாப்பர் ஒன்று வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் கதவுக்கு அடியில் செருகி, காலால் ஒரு தட்டு. இரண்டு கையும் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.