மிச்சம் எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். ஒரு ஃபேன்டசி நாவலின் முதற்பாகத்தை முடித்துவிட்டேன். கோணமலையில் நடக்கும் கடைசிச் சண்டையில் இருளரசன் 'இராவணன் வெட்டு' என்ற பாறைப் பிளவில் விழுந்து கடலில் மறைகிறான். உடல் கிடைக்கவில்லை. அவன் தன் உயிரை ஏழாகப் பிரித்து, எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒளித்துவைத்திருந்தான் என்பது இரண்டாம் பாகத்தில் தெரியவரும். அவனை மூன்றாம் அத்தியாயத்திலேயே திரும்பக் கொண்டுவருவதா, முடிவில் கொண்டுவருவதா? அவனுக்கு வடமொழிப் பெயர் வைத்திருக்கிறேன். அதைத் தமிழாக மாற்றவா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

பெயரை உங்கள் காது சொல்கிறபடி வையுங்கள். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது 'உடல் கிடைக்கவில்லை' என்ற இரண்டு சொற்கள்தான். கொஞ்ச நாளாக நானும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தோற்றவன் திரும்பி வருகிறான் என்றால், தோற்ற அன்று ஏதோ மிச்சம் விட்டிருக்கிறார்கள். அதை விட்டவர்கள் வென்றவர்கள். அவன் வருகைக்கான காரணத்தை நீங்கள் இரண்டாம் பாகத்தில் தேடுகிறீர்கள். அது முதற்பாகத்தின் கடைசிப் பத்துப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இராவணன் ஏன் திரும்பி வரவில்லை என்று பாருங்கள். கம்பனில் மண்டோதரி கணவனின் உடம்பைப் பார்த்து அழுகிறாள். எள் இருக்கவும் இடமில்லாமல் மேலும் கீழும் துளைத்திருக்கிறதே, உயிர் இருக்கும் இடத்தைத் தேடித் துளைத்ததோ என்று கேட்கிறாள். உயிர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அம்பே உடம்பு முழுக்கச் சோதித்துவிட்டது. இராமன் வீடணனிடம் ஈமக்கடனைச் செய்யச் சொல்கிறான். உடல் இருந்தது, அழ மனைவி இருந்தாள், கொள்ளி வைக்கத் தம்பி இருந்தான். கதை அங்கே மூடிவிட்டது. சிசுபாலனாக வந்தானே என்று கேட்பீர்கள். அது மறுபிறவி. பழைய உடம்போ பழைய படையோ கூட வரவில்லை.

சூரபத்மனுக்கு வேறு வழி. கந்தபுராணத்தில் அவன் கடலுக்குள் மாமரமாக நிற்கிறான், வேல் இரண்டாகப் பிளக்கிறது. அந்த இரண்டு பாதியும் மயிலும் சேவலுமாக முருகனுக்கு வாகனமும் கொடியுமாகின்றன. மிச்சம் வென்றவனின் கண்முன்னே, அவன் காலடியிலும் கொடியிலும் இருக்கிறது. எரிப்பது ஒரு வழி, பக்கத்திலேயே வைத்துக்கொள்வது இன்னொரு வழி. இரண்டும் செய்யாதபோதுதான் இருளரசன் பிழைக்கிறான்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனுக்கு இது நன்றாகத் தெரியும். இசில்தூர் என்ற அரசகுமாரன் இருளரசன் சௌரனின் கையிலிருந்து, அவன் பலமெல்லாம் அடங்கிய மோதிரத்தை வெட்டி எடுக்கிறான். அருகிலேயே எரிமலை. அழித்துவிடு என்று கூட நிற்பவர்கள் சொல்கிறார்கள். அவன் அதைத் தன் தந்தையின் சாவுக்கும் தம்பியின் சாவுக்கும் ஈடாக வைத்துக்கொள்கிறான். சௌரன் அதன்பின் ஏறத்தாழ 3000 ஆண்டு உயிரோடிருந்தது அந்தத் துக்கத்தால். பேராசை மட்டுமே காரணம் என்று எழுதியிருந்தால் வாசகர் இசில்தூரைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். தகப்பனைப் பறிகொடுத்த மகனை அப்படித் திட்ட முடியாது.

இப்போது உங்கள் ஏழுக்கு வருகிறேன். கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழாகப் பிரிப்பது ஹாரி பாட்டர் எழுதிய ரவுலிங்கின் கணக்கு. நம் பாட்டிமார் கதையில் ஏழு என்பது வழியின் எண்ணிக்கை: ஏழு கடல், ஏழு மலை. அதற்கப்பால் ஒரு குகை, ஒரு கூண்டு, ஒரே ஒரு கிளி. கிளியின் காலை முறித்தால் அரக்கனின் கால் முறியும். உயிரை ஏழாக்கியதும் உங்களுக்கு ஏழு தேடல் வந்துவிடும். ஒன்றுக்கு இரண்டு அத்தியாயம் என்றாலும் பதினான்கு. மூன்றாவது கிணற்றிலேயே வாசகருக்கு முறை பிடிபட்டு, மிச்சப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போவார். ரவுலிங்கிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது எண் அல்ல, விலை. நான்காம் நாவலில் கொடியவன் வோல்டமோர்ட்டுக்கு உடம்பு திரும்ப மூன்று பொருள் கேட்கிறார்: தந்தையின் எலும்பு, அடியாளின் சதை, எதிரியின் குருதி. எடுத்துக்கொண்ட எதிரியின் குருதியே கடைசியில் அந்த எதிரியைச் சாகவிடாமல் காக்கிறது. திரும்பி வந்த வழியிலேயே அழியும் வழியும் கிடக்கிறது. உங்கள் ஆள் என்ன விலை கொடுத்தான்? கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் கன்னியா! அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே. அந்தக் கிணறுகள் ஒளித்துவைக்கிற இடமா? எட்டிப் பார்த்தால் அடி தெரியும். பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒவ்வொன்றின் சூடும் வேறு. காலையிலிருந்து வாளியால் அள்ளிக் குளிக்கிறார்கள். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கிய ஊற்று என்பது ஐதீகம். முப்பத்தோராம் நாள் ஈமக்கடனுக்கு, அந்தியேட்டிக்கு, நம் ஆட்கள் அங்கேதான் வருகிறார்கள். ஒரு சாவை முடித்துவைக்கிற தண்ணீர் அது. சாக மறுக்கிற ஒருவன் தன் உயிரை அதில் கரைத்தால் என்ன ஆகும்? துக்க வீட்டுக்காரர் தலையில் அதை ஊற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்களுடைய செத்தவர்களுக்குக் கடமை முடியாமல் போகும். அவன் ஊர் முழுக்க, துக்கத்தின் வழியே, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவான். பேழையும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். அழிக்கவும் எளிதல்ல: ஊற்றைத் தூர்த்தால் ஊரில் யாருக்கும் அந்தியேட்டி இல்லை. இந்த நாவல் உங்கள் கையிலேயே இருக்கிறது, தங்கச்சி. உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதை அலமாரித் தட்டுகளாக எழுதிவிட்டீர்கள்.

இனி அந்த உடல். இதை மட்டும் நான் விடமாட்டேன். கடலில் விழுந்தான், கிடைக்கவில்லை என்று எழுதினால் அவன் உயிரோடிருப்பது வாசகருக்கு அந்த வரியிலேயே தெரிந்துவிடும். யார் தேடினார்கள்? எத்தனை நாள்? நம் கடலின் சூட்டில் மூழ்கிய உடல் இரண்டு மூன்று நாளில் ஊதி மேலே வரும். மீனவர்களுக்கு அது தெரியும். மூன்றாம் நாள் காலை கரையில் ஒருவர்கூட நிற்கவில்லை என்றால் ஏன் நிற்கவில்லை? சண்டையை மார்கழியில் வையுங்கள். வாடைக் கடல் கொந்தளிக்கும்போது வள்ளம் இறக்கமாட்டார்கள், தேடாததற்கு அதுவே காரணம். அதற்குள் வென்றவர்கள் ஊருக்குள் விளக்கேற்றிக் கொண்டாடிக்கொண்டிருக்கட்டும். அவன் அணிந்திருந்த ஏதாவது ஒன்று முதற்பாகத்தில் மூன்று முறை வரட்டும்: ஒருமுறை அவன் பயன்படுத்தும்போது, ஒருமுறை கைமாறும்போது, கடைசியில் யாரும் கவனிக்காமல் கரையில் கிடக்கும்போது. மூன்றாவதை அரை வரிக்கு மேல் எழுதாதீர்கள். கூடினால் காட்டிக்கொடுத்துவிடும்.

அவனுக்கு ஒரு தாய் இருந்திருப்பாள். மகனின் உடலைக் காணாமல் அவள் எந்த நாளை முப்பத்தோராவது என்று எண்ணுவாள்? திருகோணமலையிலிருந்து எழுதுகிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வென்றவர்கள் அவளைக் கன்னியாவுக்குள் விடவில்லை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். கொடியவனுக்கு ஏது கடமை என்று காவலில் நிற்கிற பையன் அவளுடைய வாளியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளட்டும். அவன் நல்லவனாக இருக்க வேண்டும். அந்தப் போரில் அண்ணனை இழந்தவனாக இருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். மூன்றாம் அத்தியாயமா கடைசியா என்பதை அதற்குப் பிறகு கதைப்போம்.