சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் எல்லாம் உள்ள அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் லேப்ராஸ்கோப்பி செய்யலாமா?

நீங்கள் கேட்டிருப்பது: அப்பாவுக்கு 68 வயது, பல வருடம் புகைபிடித்தவர், சர்க்கரையும் பிரஷரும் உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இப்போது சிறுநீரகத்தில் 3.5 செ.மீ. கட்டி. லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்ன ஓட்டைகள் வழியே செய்யும் அறுவை, செய்தால் தாங்குவாரா?

நான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். சர்ஜன் கட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நோயாளியின் மற்ற எல்லாவற்றையும் பார்ப்பது என் வேலை. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: பெரும்பாலும் தாங்குவார். ஆனால் 'சின்ன ஓட்டைதானே, ஒன்றும் ஆகாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1990இல் அமெரிக்காவில் ரால்ஃப் கிளேமன் குழு முதல்முறையாக லேப்ராஸ்கோப்பியில் சிறுநீரகத்தை எடுத்தபோது, மேசையில் படுத்திருந்தவர் 85 வயதுப் பாட்டி. வயதும் நோயும் உள்ளவர்களுக்குத்தான் இந்த முறையால் லாபம் அதிகம். திறந்து செய்தால் விலாப்பக்கம் நீளமாக வெட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போதெல்லாம் அந்த இடம் வலிக்கும். வலிக்குப் பயந்து இரும மாட்டார்கள், சளி கட்டி நிமோனியாவில் போய் நிற்கும். எழுந்து நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும். சர்க்கரைக்காரர்களுக்குப் பெரிய காயம் ஆறுவதும் லேசான காரியமில்லை. இத்தனையும் சின்ன ஓட்டைகளில் குறைகிறது.

சரி, அப்புறம் எங்கே சிக்கல்? வாயுவில். உள்ளே வேலை செய்ய இடம் வேண்டுமென்று வயிற்றில் கார்பன் டை ஆக்ஸைடு நிரப்புவோம், வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில். அது உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரல் விரிய இடம் குறையும். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்திலும் கலக்கும். கலந்ததை வெளியே தள்ள மூச்சை விட்டால் வழியில்லை. நல்ல நுரையீரல் என்றால் வென்டிலேட்டரில் மூச்சு எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டுவேன், முடிந்தது. புகைபிடித்துக் கெட்டுப்போன நுரையீரலில் அப்படி நடக்காது. வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடு எவ்வளவு என்று திரையில் ஓர் எண் ஓடும். 36 என்று இருந்த அந்த எண் 40 ஆகும், 44 ஆகும். மூச்சைக் கூட்டினால் உள்ளே போன காற்று முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்த மூச்சு போய்விடும். போதாக்குறைக்கு இவர்களுக்குத் திரை காட்டுவதைவிட ரத்தத்தில் உண்மையான அளவு கூடுதலாக இருக்கும். அதனால் மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு வைத்து, ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். "சார், வாயு பிரஷரைப் பத்துக்குக் கொண்டு வாங்க" என்பேன். இடம் சுருங்குகிறது என்று சர்ஜன் முணுமுணுப்பார், ஆனாலும் குறைப்பார். அதற்கும் மசியவில்லை என்றால் வாயுவை முழுக்க வெளியே விட்டுச் சற்று நேரம் சும்மா நிற்போம். ஒரேயடியாக முடியாவிட்டால் திறந்து செய்ய வேண்டிவரும். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். சம்மதப் படிவத்தில் அந்த வரி இருப்பதும் இதற்காகத்தான்.

இதே வாயு இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்து, இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய சுமையைக் கூட்டும். சிறுநீர் பிரிவதும் அந்த நேரத்தில் குறையும். அதைப் பார்த்துப் பயந்து சலைனை ஏற்றிக்கொண்டே போனால், பலவீனமான இதயத்துக்கு அதுவே வினையாகும்.

இனி உங்கள் அப்பா விஷயம். பலர் "ஃபிட்னஸ் வாங்கியாச்சு டாக்டர்" என்று ஒரு சீட்டை நீட்டுவார்கள். எனக்கு அதைவிட ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த கார்டுதான் முக்கியம். மருந்து பூசிய ஸ்டென்ட் என்றால், அவசரமில்லாத அறுவையை 6 மாதமாவது தள்ளிவைப்பது வழக்கம். மாரடைப்பு வந்து வைத்ததென்றால் ஒரு வருடம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெலை 5 முதல் 7 நாள் முன்னால் நிறுத்தச் சொல்வோம், ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வோம். இரண்டையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு செய்யட்டும்.

மாத்திரைப் பையை அப்படியே கொண்டு வாருங்கள். அதில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று சர்க்கரை மாத்திரை ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டியவை அவை. தொடர்ந்து போட்டுக்கொண்டு பட்டினியோடு மேசைக்கு வந்தால், சர்க்கரை அளவு ஏறக்குறைய சரியாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடலாம். இதய டாக்டர் இதயத்துக்கென்று எழுதிக் கொடுத்திருந்தால், சர்க்கரை மாத்திரைகளைச் சொல்லும்போது இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு மாடி ஏறினால் நடுவில் நிற்கிறாரா என்றும் பாருங்கள். நிற்காமல் ஏறுகிறார் என்றால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும்.

சர்ஜனிடம் ஒரு கேள்வி: முழுச் சிறுநீரகத்தையும் எடுக்கப் போகிறாரா, கட்டியை மட்டுமா? சர்க்கரையும் பிரஷரும் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தை எப்படியும் அரிக்கும், காப்பாற்ற முடிந்த வரை காப்பாற்றுவது நல்லது. ஆனால் கட்டியை மட்டும் எடுக்கும் அறுவையில் ரத்தக்கசிவு கொஞ்சம் கூடும், எல்லோருக்கும் சரிப்படாது. அறுவையே வேண்டாம் என்ற நிலை வந்தாலும் தோல் வழியே ஊசி செலுத்தி, கட்டியை உறைய வைத்தோ சுட்டோ அழிக்கும் வழிகள் உண்டு.

4 செ.மீ.க்குக் குறைவான கட்டிகளில் சுமார் ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல. மற்றவையும் பெரும்பாலும் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். புகைப்பதை நிறுத்த, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர, இதய டாக்டரைப் பார்க்க அவகாசம் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம்தான் ஆகிறதென்றால், இன்னும் இரண்டு மாதம் பொறுக்கலாமா என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள். கார்டில் என்ன தேதி போட்டிருக்கிறது?