காரணம் யாரிடம் இருக்கிறது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர் வெளிநாட்டுக்காரர். எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனாலும் அவர் நாட்டின் பெயரைக் கேட்டாலே எனக்கு ஆகவில்லை. காரணம் இல்லாமலா அப்படித் தோன்றும்? உள்ளுணர்வை நம்பலாம்தானே?

பதில்: நம்பாதீர்கள். காரணம் இருக்கிறது என்பதுவரை சரி. அதை அவரிடம் தேடுவதுதான் தவறு.

1958இல் ஆர்தர் ஸ்டாட்ஸ், கரோலின் ஸ்டாட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். திரையில் ஒரு நாட்டினரின் பெயர் தெரியும். உடனே காதில் ஒரு சொல் விழும். ஒரு குழுவுக்கு ‘டச்சு’ என்று வரும்போதெல்லாம் இனிமையான சொற்கள், ‘ஸ்வீடிஷ்’ என்று வரும்போதெல்லாம் கசப்பான சொற்கள். இன்னொரு குழுவுக்கு அப்படியே நேர்மாறு. பிறகு மதிப்பிடச் சொன்னபோது, எந்தப் பெயரோடு நல்ல சொல் சேர்ந்து வந்ததோ அந்தப் பக்கமே மாணவர்கள் சாய்ந்தார்கள். இதில் டச்சுக்காரரோ ஸ்வீடன்காரரோ செய்த நல்லது கெட்டது என்ன? ஒன்றுமில்லை.

சிறிது நேரத்துக்கே இந்தப் பலன். நீங்களோ வருஷக்கணக்காக அந்த நாட்டின் பெயரைச் சண்டை, திருட்டு, ஆபத்து என்ற பேச்சோடு சேர்த்தே கேட்டிருப்பீர்கள். யார் சொன்னது, எப்போது கேட்டது என்பதெல்லாம் மறந்துவிடும். கசப்பு மட்டும் தங்கிவிடும். எங்கிருந்து வந்தது என்று தெரியாததால் அதற்கு உள்ளுணர்வு என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்த மரியாதை அதற்கு வேண்டாம்.

சரி, மாற்ற முடியுமா? முடியும். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டாலே அலறிய ஒரு சின்னப் பையனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கக்கூட அவன் விட்டான். முயலைப் பற்றி நல்லதாகப் பேசிப் பேசியே பயத்தைப் போக்கும் வழியையும் அவர் சோதித்திருக்கிறார். அது பெரிதாக உதவவில்லை.

அதனால் உங்களுக்கு நீங்களே உபதேசம் செய்துகொள்ள வேண்டாம். அவரோடு சேர்ந்து ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள். இடைவேளையில் பக்கத்தில் உட்காருங்கள். முதல் சில நாள் ஒட்டாது, விட்டுவிடாதீர்கள். அதற்குள் அவர் வேலையைப் பற்றி யாராவது உங்களிடம் கருத்துக் கேட்டால், அவர் செய்ததை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.