கணினியில் ஏற்றிய மருந்தை வார்டில் ஏன் மறுபடி கேட்கிறார்கள்?

கேள்வி: பிறையில் வசிக்கிறோம். அடுத்த மாதம் அப்பாவுக்குப் பினாங்கில் முட்டி மாற்று அறுவைச் சிகிச்சை. இனிப்புநீர், இரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். முன்பரிசோதனையின்போதே எல்லா மருந்தையும் கணினியில் ஏற்றிவிட்டார்கள். இருந்தும், அட்மிஷன் அன்று மருந்துகளைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். எதற்கு? எதை எப்போது நிறுத்த வேண்டும்?

பதில்: கட்டாயம் கொண்டுபோங்கள். முன்பரிசோதனையில் ஏற்றியது அன்றைய நிலவரம் மட்டுமே. அப்பா வார்டுக்கு வந்தபின் மருத்துவர் அதைத் திறந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சில மென்பொருள்களில் கிளினிக் வருகைக்கு ஓர் எண், அட்மிஷனுக்கு வேறோர் எண்; முதல் எண்ணில் ஏற்றியது இரண்டாவதற்குத் தானாக வராது. யாரும் கவனிக்காவிட்டால் இரவு மாத்திரை விடுபட்டுப்போகும்.

இன்னொரு சிக்கல், நம் நாட்டில் தனியார் கிளினிக் டாக்டர் மருந்தைத் தாமே கையில் கொடுத்துவிடுவார். அந்த விவரம் பெரும்பாலும் மருத்துவமனைக் கணினியை எட்டாது. முட்டி வலிக்கு அங்கே வாங்கிய டைக்ளோஃபெனாக் இப்படித்தான் பட்டியலில் விடுபடுகிறது. இரத்தக் கசிவைக் கூட்டக்கூடிய மாத்திரை அது. பூண்டு, ஜின்செங் மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நிறுத்துவதில் மிகுந்த கவனம் வேண்டியது எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை இனிப்புநீர் மாத்திரைகளுக்கு. அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே இவற்றை நிறுத்துவார்கள். வியாழன் அறுவை என்றால் ஞாயிற்றுக்கிழமையோடு சரி. நிறுத்தாமல் பட்டினி கிடந்தால், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். சர்க்கரை அளவு ஏறக்குறைய இயல்பாகவே காட்டுவதால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். ஜார்டியன்ஸ் டுவோ போன்ற கூட்டு மாத்திரையில் எம்பாகிளிஃப்ளோசினோடு மெட்ஃபார்மின் என்ற இன்னோர் இனிப்புநீர் மருந்தும் சேர்ந்திருக்கிறது. அதை நிறுத்தினால் இரண்டுமே நின்றுபோய்ச் சர்க்கரை எகிறலாம். அந்த 3 நாளுக்குத் தனி மெட்ஃபார்மின் வேண்டுமா என்று மருந்தாளரிடம் இப்போதே கேளுங்கள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு மருந்துப் பெயர்களையும் அவரிடம் காட்டுங்கள்.

பெரின்டோபிரில், லோசார்டான் வகை இரத்த அழுத்த மாத்திரைகளைப் பல மயக்கவியல் மருத்துவர்கள் அறுவைக்கு 24 மணி நேரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். மயக்கம் கொடுத்ததும் அழுத்தம் சரிந்துவிடக்கூடும் என்பதே காரணம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பிசோப்ரோலோல் சாப்பிடுபவர் அறுவை அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீரில் அதை விழுங்குவது வழக்கம். திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பு எகிறும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் வழக்கமாக 5 நாள் முன்பு நிற்கும். இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர்கள், இரத்தம் கட்டாமல் காக்கும் ஆஸ்பிரினையோ கிளோபிடோக்ரெலையோ தாங்களாக நிறுத்தவே கூடாது. உங்கள் அப்பாவுக்கான தேதிகளை அவருடைய மருத்துவர்தான் குறிக்க வேண்டும். வாய்ப்பேச்சோடு விடாமல் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்துகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடும் லேபிளோடும் ஒரே பையில் போடுங்கள். ஒவ்வொன்றையும் கடைசியாகச் சாப்பிட்ட தேதியையும் மணியையும் எழுதி வையுங்கள். கணினியில் பெரும்பாலும் காலியாகக் கிடப்பது இந்தக் கட்டம்தான். அலர்ஜி இருந்தால் பெயரோடு, தடிப்பா, மூச்சுத்திணறலா என்றும் சொல்லுங்கள். பையைத் தாதியிடம் ஒப்படைத்துவிடுங்கள். கட்டிலருகே இருந்தால் வார்டு மாத்திரையும் சொந்த மாத்திரையும் சேர்ந்து இரட்டிப்பாகிவிடும்.

வீடு திரும்பும் நாளில், நிறுத்திய ஒவ்வொரு மாத்திரையையும் என்று தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எம்பாகிளிஃப்ளோசின் வகையை, அப்பா வழக்கம்போல் சாப்பிடவும் குடிக்கவும் தொடங்கிய பிறகே மீண்டும் கொடுப்பார்கள்.