அந்த ஸ்பூனை அவர் கையில் கொடு

கேள்வி: எனக்கு 29 வயது. நாமக்கல் பக்கம் ஒரு ஊர். சொந்த அத்தை மகனைத்தான் கட்டிக்கொண்டேன். கணவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஒரே மகன், 5 வயது. 14 மாதத்தில் நன்றாக நடந்தவன், ஒன்றே முக்கால் வயதில் அடிக்கடி விழ ஆரம்பித்தான். பிறகு நடை நின்றது, உட்காருவது நின்றது, பேசிய நாலு வார்த்தையும் போய்விட்டது. மெட்டாக்ரோமாட்டிக் லூகோடிஸ்ட்ரோபி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது கை கால் விறைத்துப் படுத்தே இருக்கிறான். வலிப்பு வருகிறது. பார்வை மங்கிவிட்டது. அவன் அப்பா பைக் சத்தம் கேட்டால் மட்டும் முகம் மாறும். ஒரு வேளை சாப்பாடு ஊட்ட ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அவருக்கு ஊட்டத் தெரியாது. ஒருநாள் ஊட்டப்போய்ப் புரையேறி உதடு நீலமாகிவிட்டது. அதிலிருந்து நான் யாரையும் விடுவதில்லை. இந்த வருஷம் இரண்டு முறை நிமோனியா வந்தது. வயிற்றில் குழாய் வைக்கச் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். வெளியூரில் ஓர் இடத்தில் ஸ்டெம் செல் ஊசி 4 தடவை போட்டால் முன்னேற்றம் வரும், 6 லட்சம் ஆகும் என்கிறார்கள். 3 சென்ட் மனையை விற்றுவிடலாம் என்று கணவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். விற்கலாமா? மாமியாரோ இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள் என்கிறார். என் பிள்ளைக்கு நான் செய்யவேண்டியதைச் செய்கிறேனா, இல்லையா? சொல்லுங்கள் அம்மா.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மனையை விற்காதே, மகளே. அட்வான்ஸ் வாங்கிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் மகனின் உடம்பில் ஆரில்சல்ஃபடேஸ்-ஏ என்ற ஒரு நொதி வேலை செய்யவில்லை. அது கரைக்கவேண்டிய ஒருவகைக் கொழுப்பு மூளையிலும் நரம்புகளிலும் சேர்ந்துகொண்டே போய், நரம்பைச் சுற்றியிருக்கும் உறையை அழிக்கிறது. வெல்டிங் கேபிளின் மேல் ரப்பர் உரிந்துபோனால் என்ன ஆகும் என்று உன் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவரையே கேள். இந்த நோய்க்கு மரபணு சிகிச்சை ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் 2020-லும் அமெரிக்காவில் 2024-லும் அனுமதி கொடுத்தார்கள். அமெரிக்காவில் அதன் விலை 42.5 லட்சம் டாலர், நம் காசில் 35 கோடி ரூபாய்க்கும் மேல். இரண்டரை வயதுக்குள் தொடங்கும் இந்த வகையில், அறிகுறி தெரிவதற்கு முன்னால் கொடுத்தால்தான் அதுவும் உதவும். போன நடையை அது திருப்பித் தராது. 35 கோடி ரூபாய் மருந்து செய்யாததை 6 லட்ச ரூபாய் ஊசி செய்யாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-லேயே எழுதி வைத்திருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற, ரத்த ஸ்டெம் செல்லைக் கொண்டு சில குறிப்பிட்ட நோய்களுக்குச் செய்யும் சிகிச்சை தவிர, மற்றதெல்லாம் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது, சிகிச்சை என்று சொல்லி விற்கக்கூடாது என்று. ஆராய்ச்சி என்றால் பிள்ளையைச் சேர்க்கக் காசு வாங்கக்கூடாது. உன்னிடம் 6 லட்சம் கேட்கிறார்கள். அதிலேயே தெரிந்துகொள்.

மாமியார் பேச்சுக்கு இரண்டே வரி. உன் வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை. பழுதான மரபணு உன்னிடம் ஒன்றும் உன் கணவரிடம் ஒன்றும் இருந்திருக்கிறது. அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இந்த நோய்க்கு உண்டு. பையனுடைய மரபணுப் பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால், கருவுற்ற 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பெறுவதா வேண்டாமா என்பதை நீயும் அவரும் மரபணு மருத்துவரிடம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வேறு யாரும் அதில் பேச வேண்டியதில்லை.

சரி, நீ கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. இப்போது நீ கேட்காததற்கு வருகிறேன்.

“அவருக்கு ஊட்டத் தெரியாது.” இந்த ஒரு வரியை நீ போகிறபோக்கில் எழுதிவிட்டாய். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே கூப்பிட்டுப் பிள்ளையை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று காட்டியிருப்பார்கள். அந்த நேரத்தில் அவர் பில் கட்டும் கவுன்டரில் நின்றிருப்பார், இல்லை மருந்துக்கடை வரிசையில் நின்றிருப்பார். நான் போன ஆஸ்பத்திரியில் எல்லாம் இதே காட்சிதான். அம்மாவைப் பிள்ளையோடு உட்காரவைக்கிறார்கள், அப்பாவைச் சீட்டோடு அனுப்புகிறார்கள். வருஷக்கணக்கில் இப்படி நடந்தபிறகு ஒருநாள் அந்த மனிதர் ஆசையாகப் பிள்ளைக்கு ஊட்ட உட்கார்ந்திருக்கிறார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அவரிடம் கேட்டாயா? பிள்ளை மடியில் மல்லாந்து கிடந்தானா? தலை பின்னால் சரிந்திருந்ததா? நம் வீடுகளில் பாலாடையில் பால் புகட்டுவது அப்படித்தானே. பார்த்துப் பழகிய ஒன்றைத்தான் அவரும் செய்திருப்பார். விழுங்கும் நரம்பு தளர்ந்த பிள்ளைக்கு அது நேரே மூச்சுக்குழாய்க்கு வழி. அவர் கொடுத்தது தண்ணீரா, கெட்டிக் கஞ்சியா? தண்ணீர்தான் இந்தப் பிள்ளைகளுக்கு ரொம்ப ஆபத்து. நாக்கு பிடித்து நிறுத்துவதற்குள் உள்ளே ஓடிவிடும். இதில் எதையும் நீ கேட்கவில்லை. ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டாய். அன்றோடு அவர் கதையை முடித்துவிட்டாய்.

இனி உனக்குக் கோபம் வரும், வரட்டும். அவர் கையில் ஒருதடவை புரையேறியது, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இரண்டு நிமோனியா யார் கையில் வந்தது? வேறு யாரையும் விடுவதில்லை என்று நீதானே எழுதியிருக்கிறாய். உன் கைப் பக்குவத்தில் குறை இருப்பதாக நான் சொல்லவில்லை. தொண்டை தளர்ந்துவிட்டால் சோறும் எச்சிலும் இருமல்கூட வராமல் நுரையீரலுக்குள் இறங்கும். ஒரு வேளைச் சாப்பாடு அரை மணி நேரத்தைத் தாண்டினாலே மருத்துவர்கள் யோசிக்க ஆரம்பிப்பார்கள். உனக்கு ஒன்றரை மணி நேரம். மூன்று வேளைக்கு நாலரை மணி நேரம். அவ்வளவு நேரமும் அந்தக் குழந்தைக்கு அது வேலை மகளே, சாப்பாடு இல்லை.

டாக்டர் குழாய் வைக்கச் சொன்னது அதற்காகத்தான். நீ வேண்டாம் என்றதற்குக் காரணம் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். “என் கையால் சாப்பிட்டால்தான் அவனுக்கு நிறைவு” என்று எத்தனையோ தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நிறைவு யாருக்கு என்று நான் திருப்பிக் கேட்டிருக்கிறேன். குழாய் வைத்தால் நிமோனியாவே வராது என்று சொல்லமாட்டேன், எச்சில் உள்ளே போகத்தான் செய்யும். ஆனால் வயிறு நிறையும், எடை ஏறும், வலிப்பு மருந்து சிந்தாமல் முழுசாகப் போகும். ருசிக்கு நாக்கில் ஒரு சொட்டுப் பாயசம் தடவலாமா என்று மருத்துவரைக் கேட்டுத் தடவு. இன்னொன்றும் உண்டு. குழாய் வழியாகக் கொடுக்க உன் கைதான் வேண்டும் என்பதில்லை. அவர் கை போதும், உன் அம்மா கை போதும். ஒருவேளை உனக்கு அதுதான் பிடிக்கவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பொய் என்றால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

உன் கணவர் ஏன் மனையை விற்க ஒற்றைக்காலில் நிற்கிறார் தெரியுமா? அந்த வீட்டில் அப்பா என்று அவர் செய்வதற்கு நீ வேறு எதையும் விட்டுவைக்கவில்லை. ஊட்டக்கூடாது. தூக்கத் தெரியாது என்றும் சொல்லியிருப்பாய். ராத்திரி வலிப்பு வந்தால் நீதான் எழுந்திருப்பாய். மிச்சம் இருப்பது பணம். அதையாவது கொட்டிவிடலாம் என்று துடிக்கிறார். ஸ்டெம் செல்காரன் அவரை ஏமாற்றுவது அப்புறம். அதற்கு முன்னாலேயே அவரை வாசலில் நிறுத்தியது நீ.

அதற்காக அவரையும் நான் விடப்போவதில்லை. இந்தப் பகுதியை அவரிடம் படித்துக் காட்டு. தம்பி, ஒருதடவை புரையேறியது என்றதும் ‘என் கை முரட்டுக் கை, எனக்கு இதெல்லாம் வராது’ என்று நீங்கள் ஒதுங்கியிருந்தால் அது தப்பு. முதல் நாள் வெல்டிங் ராடு பிடித்தபோதும் தகட்டில் ஓட்டை விழுந்திருக்கும், அதற்காகப் பட்டறையை விட்டு ஓடவில்லையே. தகடு உருகாமல் நூல் பிடித்தமாதிரி ஓட்டுப் போடுகிற கை உங்களுடையது. அந்தக் கைக்கு அரை ஸ்பூன் கூழை நடுங்காமல் பிடிக்க வரும். ஆம்பளை சம்பாதிக்க, பொம்பளை பார்த்துக்கொள்ள என்பதெல்லாம் ஓடியாடுகிற பிள்ளை உள்ள வீட்டில் ஏதோ ஓடிவிடும். உங்கள் வீட்டில் ஓடாது. பிள்ளையைப் பெற்றது இரண்டு பேர். இரண்டு பேருக்கும் அவன் உடம்பு அத்துபடியாகத் தெரிந்திருக்கவேண்டும். உங்கள் மனைவிக்கு நாளைக்கு டெங்கு வந்து பத்து நாள் படுத்தால் அந்தப் பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள்?

மதுரையில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வேறு நோய், ஆனால் இதே நிலைமை, ஏழு வயதுப் பெண். சுவர் மூலையில் தலையணை அடுக்கி நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்படி நெற்றியை இடது கையால் பிடித்துக்கொண்டார். கெட்டியான கேழ்வரகுக் கூழ், அரை ஸ்பூன். ஸ்பூனை நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்தி எடுத்தார். எடுத்ததும் அவர் கண் மகளின் தொண்டைக்குப் போய்விட்டது. தொண்டை ஏறி இறங்கியதும் ‘ம், இறங்கிருச்சு’ என்றார். அடுத்த அரை ஸ்பூன். ஒவ்வொன்றுக்கும் ‘இறங்கிருச்சு’. முடித்தபிறகும் அரை மணி நேரம் அந்தப் பெண்ணைப் படுக்கவைக்கவில்லை, மார்பில் சாய்த்து நிமிர்த்தியே வைத்திருந்தார். அதுவரை ஸ்டாண்டுக்குக் கிளம்பவில்லை. அந்தப் பெண் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது பார்த்தாலும் அவர் என்னிடம் அந்தக் கூழைப் பற்றித்தான் பேசுவார். எந்தக் கெட்டியில் கரைத்தால் நன்றாக இறங்கும் என்று விவரமாகச் சொல்வார்.

உன் கணவருக்கு என்ன இருக்கிறது? தன் கையால் கொடுத்தபோது மகன் உதடு நீலமானதுதான் இருக்கிறது. உன் மகன் வளர்ந்து ஆளாகப்போகிற பிள்ளை இல்லை. டாக்டர் உன்னிடம் சொல்லியிருப்பார், நீ கடிதத்தில் எழுதவில்லை. அந்த ஒரு நாளின் நினைப்போடு அவரை மிச்ச ஆயுசுக்கும் விட்டுவிடப்போகிறாயா? அப்படி விட உனக்கு உரிமை இல்லை.

உடனே இன்றைக்கே அவர் கையில் ஸ்பூனைக் கொடுத்துவிடாதே. முதலில் இரண்டு பேரும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். பேசாத பிள்ளைக்கு அவர் எதற்கு என்று நினைக்காதே, விழுங்குவதைச் சோதித்துப் பார்ப்பதும் அவர்கள் வேலைதான். வாயால் எவ்வளவு கொடுக்கலாம், கொடுக்கவே கூடாதா என்று அவர்கள் சொல்லட்டும். உன் கணவர் உள்ளே உட்காரட்டும், நீ போய் பில் கட்டு. குழாய் பற்றியும் அன்றைக்கே பேசுங்கள். அதுவரை வீட்டில் அவர் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளட்டும், நீ கொடு. இருமினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிடு.

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேள். 2021-லிருந்து நடக்கிறது. பிசியோதெரபி செய்பவரும் வலி தணிப்பு செவிலியரும் வீட்டுக்கே வருவார்கள். அவர்கள் வருகிற நாளில் உன் கணவர் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள். விறைத்த காலை நீட்டி மடக்குவது, ஒருக்களித்துப் படுக்கவைப்பது, சளியை வடியவைப்பது எல்லாவற்றையும் அவரும் கற்றுக்கொள்ளவேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிட்டாயா? இல்லையென்றால் வாங்கு. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக்கொடு. அதற்கு அலைவது உன் மாமியார் மாமனார் வேலையாக இருக்கட்டும். பேரனுக்கு அவர்களும் ஏதாவது செய்யவேண்டாமா?

பயிற்சி முடிந்து அவர் தனியாகக் கொடுக்கிற முதல் நாள், நீ அந்த அறையில் இருக்காதே. கதவோரம் நின்று எட்டிப் பார்க்காதே. மாடிக்குப் போய்த் துணி எடு. கீழே இருமல் சத்தம் கேட்கும். ஓடிவராமல் பத்து எண்ணு. அவருக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருக்கும், அதற்குத்தானே போய்க் கற்றுக்கொண்டு வந்தது.

இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். இந்தத் தடவை கடிதத்தை அவர் எழுதட்டும்.